கத்தாத வாத்து

"சளிதான். ஐஸ் தண்ணி குடுத்தா வேறென்ன வரும்?" என்று நாத்தனார் தீர்ப்பெழுதி முடித்தாள். ஒன்றரை வயதுக் குழந்தையோ மூச்சை உள்ளே இழுக்கும்போதெல்லாம் கீச்சென்றது. அதன் கையில் ஒரு ரப்பர் வாத்து.

"சளியெல்லாம் இல்ல டாக்டர். காலைல கட்டில்ல விளையாடிட்டிருந்தான். திடீர்னு இருமினான், அதுலேருந்து இந்தச் சத்தம். சும்மா மருந்து மட்டும் எழுதிக் குடுத்தா நான் வீட்டுக்குப் போக மாட்டேன்" என்றாள் அம்மா. வாயில்லாப் பூச்சி என்று தெருவே சான்றிதழ் கொடுத்திருந்த மருமகள் அவள். சான்றிதழ் அன்று காலாவதியானது.

டாக்டரம்மா குழந்தையைத் தாய் மடியிலிருந்து அசைக்காமலேயே பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸுக்கு ஆஸ்பத்திரி வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. சும்மா வைக்கவில்லை.

"சளி இறங்கி குரல்வளை வீங்கிடுச்சா டாக்டர்?"

"அப்படின்னா முன்னாடியே மூக்கு ஒழுகியிருக்கும். இருமல் நாய் குரைக்கிற மாதிரி வரும்."

"அப்போ குரல்வளை மூடியில கிருமி!"

"காய்ச்சல் கொதிக்கணுமே? எச்சில்கூட ஒழுகல, முழுங்குறான்."

"அலர்ஜி?"

"உதடு வீங்கல, தடிப்பும் இல்ல. நீ ஆக்ஸிஜன் கொண்டா, ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லு."

சொல்லிக்கொண்டே வாத்தை வாங்கக் கை நீட்டினார்.

"அது கத்தாது டாக்டர்" என்றாள் நாத்தனார்.

அம்மா மெதுவாகத் திரும்பினாள். "நேத்து ராத்திரி வரைக்கும் கத்துச்சே அண்ணி?"

டாக்டரம்மா அமுக்கினார். வெறும் காற்றுதான் வந்தது. வாத்தின் வயிற்றில் வட்டமாக ஓர் ஓட்டை.

"பல்லு பட்டா பிஞ்சிருக்கும். இது கத்தி வெட்டு. உள்ளே இருந்த ஊதல் எங்கே?"

நாத்தனாரின் குரல் தரையில் கிடந்தது. "ஓயாம பீ பீன்னுது, தலைவலி. நோண்டி எடுத்தேன். கட்டில்லதான் வெச்சேன்..."

"வாத்தோட சத்தம் இப்போ பிள்ளை மூச்சுக்குழாய்ல இருக்கு" என்றார் டாக்டரம்மா.

முந்திரிக்கொட்டையின் விரல் குழந்தையின் வாயை நோக்கிப் பாய்ந்தது.

"கையை எடு! கண்ணுக்குத் தெரியாததைத் துழாவினா இன்னும் உள்ளே போயிடும். குழாய் விட்டுப் பார்த்துத்தான் எடுக்கணும். நீங்க மடியிலயே உட்கார வெச்சுக்கிட்டு வாங்கம்மா, அழவிடாதீங்க."

ஆபரேஷன் தியேட்டரில் சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் ஊதல் தட்டில் வந்து விழுந்தது. மயக்கம் தெளிந்த குழந்தை வார்டே அதிரக் கத்தியது. பழக்க தோஷம், நாத்தனார் உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றாள்.

"கத்தட்டும் அண்ணி" என்றாள் அம்மா. "இனிமே நம்ம வீட்டுல ரெண்டு பேர் கத்துவோம்."