உப்பு வாளியைத் தொடாத கை

காலை 9.10. ஆவியே படியாது என்று முதலாளி ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட, பூச்சு போட்ட கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. அறுவை சிகிச்சையின்போது டாக்டர்கள் முகத்தில் அணிகிற கண்ணாடி அது. பத்தரைக்கு மருத்துவமனைக்காரர்கள் பட்டறைக்கு வந்து அதைப் பார்க்கப் போகிறார்கள்.

9.25. முதலாளியின் தங்கை, கெமிஸ்ட்ரி டீச்சர், வந்து சேர்ந்தாள். லேசில் யாரையும் நம்பாத ஆள். வகுப்பில் பேனா தொலைந்தால் புகார் சொன்னவன் பையைத்தான் முதலில் திறப்பாள்.

மேசையில் ராஜினாமாக் கடிதம் தயார். பூச்சு போடும் பெண் கையெழுத்திடுவதுதான் பாக்கி. அவள் தேய்த்துப் பூச்சைச் சுரண்டிவிட்டாள் என்று எழுதி வைத்திருந்தவர் முதலாளியின் மாப்பிள்ளை. பக்கத்திலேயே, இதற்குப் பதில் காட்டலாமென்று, அவர் சொந்தமாகத் தயாரித்த வேறொரு கண்ணாடி பளபளத்தது. டீச்சரின் சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. ஆனாலும் அண்ணன் மகளின் வாழ்க்கையாயிற்றே.

பூச்சுப் பெண் அழவில்லை. எட்டரைக்குக் கண்ணாடி சரியாகத்தான் இருந்தது, பிறகு வாசலில் நாற்காலி போடப் போய்விட்டேன் என்றாள். மங்கிய கண்ணாடி எதுவானாலும் முதலில் உப்புத் தண்ணீர் வாளியில் முக்குவது அங்கே வழக்கம். இதையும் முக்கப் போனாளாம். தொடாதே என்று மாப்பிள்ளை பிடுங்கிவிட்டாராம்.

"நான் காப்பாத்தத்தான் பார்த்தேன் அத்தை. அஞ்சு தடவை நல்ல தண்ணியில கழுவினேன். போனது போனதுதான்," என்றார் மாப்பிள்ளை.

9.50. டீச்சர் ஒரு தட்டில் கெட்டியான உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கண்ணாடியை ஊறவைத்தாள்.

10.05. எடுத்து அலசி, ஊதிப் பார்த்தாள். ஒரு துளி நிற்கவில்லை. தட்டில் மிஞ்சிய தண்ணீரில் இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டினாள். வெளிறிய சிவப்பு படர்ந்தது.

"இரும்போட சேர்ந்து சிவக்குதுன்னா தயோசயனேட். சாப்பாட்டு உப்பு இல்ல, இங்க உங்க ஆராய்ச்சிக்கு மட்டும் வாங்குற ரசாயன உப்பு, மாப்பிள்ளை."

பிறகு அண்ணனுக்கு விளக்கினாள். பூச்சின் இழைகள் நேர் மின்னூட்டம் கொண்டவை. சாதா உப்பின் குளோரைடு அயனி கூட இருந்தால் தண்ணீர் குடித்து நிமிர்ந்து நிற்கும். தயோசயனேட் அயனி ஒட்டிக்கொண்டாலோ தண்ணீரை உதறிவிட்டுப் படுத்துவிடும். வெறும் தண்ணீரில் எத்தனை தரம் கழுவினாலும் அது போகாது. வேறோர் அயனி வந்து இடத்தைப் பிடிக்க வேண்டும்.

"அஞ்சு தடவை கழுவினீங்க. கைக்கெட்டுற தூரத்துல வாளி. அதுல ஒரு தடவைகூட முக்கலை. முக்கினா சரியாயிடும்னு தெரிஞ்சவருக்குத்தான் அந்தப் பயம் இருக்கும்."

முதலாளி கடிதத்தை எடுத்து மாப்பிள்ளை முன்னால் நகர்த்தினார்.

"பேரை மட்டும் மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

வாசலில் வண்டி வந்து நின்றது. பூச்சுப் பெண் கையைத் துடைத்துக்கொண்டு தன் கண்ணாடியை எடுத்துப் போனாள்.