முப்பத்தாறுக்கு இரண்டு!

“அப்பா, பேரே தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படிப்பா டிக் போடுறது?”

அப்பாவின் ஆஸ்பத்திரிப் புத்தகத்தைப் புரட்டியபடி, ஆறு வயதில் மகள் ஒரு நாள் கேட்டாள்.

அப்பா சிரித்தார். “தோணுறதுக்குப் போடு கண்ணு” என்றார்.

மகளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. கேள்வி மட்டும் பதிலுக்காக அங்கேயே நின்றது...

டிரிங்... டிரிங்...!

பகல் பதினொரு மணி. ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், வாசனைப் பரிசோதனை அறையில் போன் அலறியது.

எடுத்தவர் அதே அப்பா. ஆஸ்பத்திரி மொத்தமும் அவரை ‘மூக்கு சார்’ என்றே கூப்பிடும். யாருக்கு வாசனை தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்று சோதித்துச் சொல்வதுதான் அவர் வேலை.

“பெண்கள் ஜெயில் சூப்பிரண்டு பேசறேன். ஏழு மாசம் முன்னாடி ஒரு சமையல்காரம்மாவை டெஸ்ட் பண்ணீங்களே... ஞாபகம் இருக்கா?”

ஞாபகமா? மறந்தால்தானே!

“அந்தம்மா மூணு நாளா சாப்பிடல. டாக்டர் சொல்லிப் பார்த்தாச்சு, நான் திட்டிப் பார்த்தாச்சு. உங்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேக்கணுமாம்.”

“என்ன கேள்வி?”

“எங்கிட்ட சொல்ல மாட்டேங்குது. சீக்கிரம் வாங்க சார்... ஆளு பாதியாயிடுச்சு!”

மூக்கு சார் போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

ஏழு மாதங்களுக்கு முன்னால்...

ஒரு மாடி வீடு. மேலே, ஓய்வுபெற்ற டீச்சரம்மா தனியாக. கீழே, அவருடைய தம்பி மகன் தனியாக.

மாலை நான்கு மணி. காபி போட வந்த டீச்சரம்மா தீக்குச்சியை உரசினார்.

டமார்...!

டீச்சரம்மா பிழைக்கவில்லை. அடுப்பின் கேஸ் ட்யூப்பை யாரோ கத்தியால் கீறி வைத்திருந்தார்கள். இரண்டு மணியிலிருந்தே கேஸ் கசிந்திருக்கிறது என்றார்கள் தீயணைப்புக்காரர்கள். டீச்சரம்மாவுக்கு மூன்று நாளாகக் கடும் ஜலதோஷம். பாவம், எதுவும் தெரியவில்லை.

ஆனால் மூன்று மணிக்கு அதே சமையலறையில் அரை மணி நேரம் நின்று பாத்திரம் கழுவிவிட்டுப் போனாரே சமையல்காரம்மா... அவருக்குமா தெரியவில்லை?

“ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சுங்க. அதுலேர்ந்து எனக்கு வாசனையே தெரியாது” என்று அழுதார் அவர்.

“நல்லாத் தெரியும் சார், பொய் சொல்றா!” என்றான் தம்பி மகன். “ரெண்டரை மணிக்கு அத்தைக்கு மாத்திரை கொடுக்க நான் கிச்சனுக்குப் போனேன். அப்போ ஒரு நாத்தமும் இல்ல. இவதான் அறுத்திருக்கா. முந்தின நாள் அத்தைகிட்ட வாங்கின திட்டு அப்படி!”

தீயணைப்புக்காரர்கள் சொன்ன நேரம் ஒரு மணி முன்னே பின்னே இருக்கும் என்று நினைத்த இன்ஸ்பெக்டர், அந்த அம்மாவை மூக்கு சாரிடம் அனுப்பினார்.

கடல் கடந்து வந்த பரிசோதனைப் புத்தகம் அது. முப்பத்தாறு பக்கம். பக்கத்துக்கு ஒரு பழுப்புப் பட்டை. பென்சிலால் தேய்த்தால் வாசனை வரும். கீழே நான்கு பெயர்கள். ஒன்றுக்கு டிக் போட வேண்டும்.

வாசனையே தெரியாதவர் குருட்டாம்போக்கில் டிக் போட்டாலும் நான்கில் ஒன்று சரியாகிவிடும். முப்பத்தாறுக்கு ஒன்பது வரும்.

சமையல்காரம்மா வாங்கியது... இரண்டு!

விடை தெரிந்தவர்தான் இவ்வளவு கச்சிதமாக அதைத் தவிர்க்க முடியும். ‘வேண்டுமென்றே தவறாகச் சொல்கிறார்’ என்று எழுதி, மூக்கு சார் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்துதான் ஜெயில் கதவைச் சாத்தியது.

அன்றிலிருந்து ஒரு விபரீதம்...

தினமும் மாலை நான்கு மணி ஆனால், மூக்கு சாரின் அறையில் கேஸ் நாற்றம்!

மெக்கானிக்கை மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை அவன் கையெடுத்துக் கும்பிட்டான். “சார், இந்த மாடியில கேஸ் பைப்பே கிடையாது. நீங்க முதல்ல உங்க மூக்கை யார்கிட்டயாவது காட்டுங்க!”

யாரிடம் காட்டுவது? ஊருக்கே மூக்கு பார்ப்பவர் அவர்தான்!

போன் வந்த அன்று மதியம். ஜெயில்.

ஒரு பெஞ்ச். உயரத்தில் ஒரு ஜன்னல். சமையல்காரம்மா காற்றடித்தால் விழுந்துவிடுவார் போலிருந்தார். பக்கத்தில் டம்ளரில் பால், ஏடு படிந்து ஆறிக் கிடந்தது.

“ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?”

“டீச்சரம்மா தினமும் மத்தியானம் வர்றாங்க சார். இதோ, இந்தப் பக்கத்துல உக்கார்றாங்க. ‘ஏண்டி எங்கிட்ட சொல்லல’ன்னு கேக்குறாங்க. கோபமா கேட்டாக்கூடப் பரவாயில்ல. மெதுவா கேக்குறாங்க...”

மூக்கு சாருக்குப் பெஞ்சின் அந்தப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“உங்களை ஒண்ணு கேக்கணும் சார். நான் பொய் சொல்றேன்னு எழுதினீங்க. நீங்க படிச்சவங்க. எழுதினா சரியாத்தான் இருக்கும். அப்படின்னா... எனக்கே தெரியாம அந்த நாத்தம் எனக்குத் தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சும் நான் விட்டுட்டுப் போயிருப்பேனோ? நான்தான் அவங்களைக் கொன்னேனா சார்?”

எந்தக் குற்றவாளியும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை!

“அம்மா... முதல்ல அந்தப் பாலைக் குடிங்க.”

“கெட்டிருந்தா? எனக்கு எப்படித் தெரியும்?”

மூக்கு சார் டம்ளரை எடுத்தார். முகர்ந்தார்.

“நல்ல பால்தாம்மா. பயப்படாம குடிங்க.”

அந்த அம்மா அவரையே பார்த்தார். கண்ணில் நீர் முட்டியது.

“ரெண்டு வருஷத்துல எனக்காக ஒருத்தர் மோந்து பார்த்துக் கொடுத்தது டீச்சரம்மா மட்டும்தான். இப்போ நீங்க.”

குடித்தார்.

மூக்கு சார் மெல்லக் கேட்டார். “அன்னைக்கு அந்தப் புத்தகத்துல எப்படிம்மா டிக் போட்டீங்க?”

“வாசனைதான் தெரியலையே சார். பேரைப் படிச்சுப் பார்த்தேன். என்னென்னமோ பேரு... லைலாக்காம், லிகரிஸாம். நான் கண்டேனா கேட்டேனா? அதுல டிக் போட்டா, தெரியாததைத் தெரியும்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? சாமிக்கு அடுக்குமா? அதான் தெரிஞ்ச பேராப் பார்த்துப் போட்டேன்.”

மூக்கு சார் எழுந்து நின்றார்.

தலைக்குள் ஓர் ஆறு வயதுக் குரல். ‘பேரே தெரியாத ஒண்ணுக்கு...’

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். புத்தகத்தைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கமாக எண்ணினார்.

முப்பத்தாறில் இருபத்தெட்டு பக்கங்களுக்குச் சரியான விடை, இங்கே யாரும் கேள்விப்படாத பொருள். குளிர்நாட்டுப் பூ. குளிர்நாட்டு மிட்டாய். அந்த அம்மா அவற்றைத் தொட்டிருக்கவே மாட்டார். மிச்சம் எட்டு. எட்டில், நான்குக்கு ஒன்று...

இரண்டு!

பொய் சொல்லக் கூடாது என்று பயந்த மனுஷிக்குத்தான் அவர் பொய்க்காரி என்று சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார்!

அந்தப் புத்தகத்தை இந்த ஊருக்குக் கொண்டு வந்தவரும் அவரேதான். பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதினார். வாசனைப் பொருட்களை மாற்றச் சோம்பல்.

மணி நான்கு. கேஸ் நாற்றம் குப்பென்று அடித்தது.

“இருங்க டீச்சரம்மா” என்றார் வெற்று அறையைப் பார்த்து. “எனக்கு மூணு வாரம் டைம் கொடுங்க.”

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வாரம்தான் இருந்தது.

முதலில் வாசனையே தடவாத, வெறும் பட்டை ஒட்டிய பழைய புத்தகத்தை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுப் பெண்கள் பத்துப் பேரிடம் கொடுத்தார்.

“ஒரு வாசனையும் வரலையே சார். ஜலதோஷம் எங்களுக்கா, உங்க புத்தகத்துக்கா?”

“பரவாயில்லம்மா, பேரைப் பார்த்து டிக் போடுங்க.”

மூன்று. இரண்டு. ஒன்று. இரண்டு... ஒருவர்கூட ஐந்தைத் தாண்டவில்லை! வாசனையே இல்லாத இடத்திலும் அந்தப் புத்தகம் எல்லோரையும் பொய்க்காரர்களாக்கியது.

பிறகு புதுப் புத்தகம். சிறு சிறு ஜாடிகளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கும் காய்கறிக் கடைகளுக்கும் போனார். அறுபது பேரை முகரச் சொன்னார். எல்லோரும் தயங்காமல் பெயர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டார். காபி, வெங்காயம், எலுமிச்சை, சோப்பு, மீன், பெட்ரோல்... மொத்தம் இருபத்து நான்கு. நான்கு பெயர்களில் எதுவும் யாருக்கும் அந்நியமாக இருக்கக் கூடாது.

அதையும் வாசனை தடவாமல் கொடுத்துப் பார்த்தார். ஐந்து. ஏழு. ஆறு. ஆறு. நியாயமான குருட்டாம்போக்கு!

கடைசியாக, வாசனை தடவிய புதுப் புத்தகம் ஜெயிலுக்குப் போனது.

சமையல்காரம்மா எடுத்தது, இருபத்து நான்குக்கு ஆறு.

அந்த அம்மாவுக்கு நிஜமாகவே வாசனை தெரியாது!

இன்ஸ்பெக்டர் தாள்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “என்ன மூக்கு சார்... ஏழு மாசம் கழிச்சு வந்து பிளேட்டைத் திருப்பறீங்க?”

“நான் பண்ணின தப்பு. கோர்ட்ல ஏறி நானே சொல்றேன்.”

“மானம் போகும்.”

“போகட்டும். அந்தம்மாவுக்குப் போனது திரும்பட்டும்.”

“அப்போ ட்யூப்பை அறுத்தது யாரு?”

இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

கசிவு இரண்டு மணிக்கே ஆரம்பம். இரண்டரை மணிக்கு அந்தச் சமையலறைக்குள் போனவன்...

தம்பி மகன்!

அவன் அலட்டிக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

“எனக்கும்தான் சார் மூக்கு அவுட். சைனஸ்!”

“எப்போலேர்ந்து தம்பி?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வருஷக்கணக்கா.”

“கிச்சன்ல ஒரு நாத்தமும் இல்லன்னு எழுதிக் கொடுத்தீங்களே?”

“மூக்கு இல்லாதவனுக்கு எப்படி சார் நாத்தம் இருக்கும்? வேலைக்காரிக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? அவளை விடப் போறீங்கன்னு பேச்சு அடிபடுது. எனக்கும் அதே டெஸ்ட்டை வைங்க!”

வைத்தார்கள்.

காபிப் பட்டையைத் தேய்த்தான். ஆழமாக இழுத்தான். உதட்டைப் பிதுக்கினான். ‘சோப்பு’க்கு டிக் போட்டான். வெங்காயத்துக்கு ரோஜா. மீனுக்கு எலுமிச்சை. ரொம்ப சிரத்தையாகச் செய்தான்.

இருபத்து நான்குக்கு... பூஜ்யம்!

“அடப் பாவமே” என்றார் இன்ஸ்பெக்டர். “முட்டை வாங்கியிருக்கார். நிஜமாவே மூக்கு செத்துப் போச்சு போல.”

“செத்த மூக்கும் ஆறு வாங்கும் சார். முட்டை வாங்க உயிருள்ள மூக்கு வேணும்!” என்றார் மூக்கு சார்.

தம்பி மகனின் காலாட்டல் நின்றது.

“பேர் தெரியாததை அந்தம்மா ஒதுக்கினாங்க. இவர் விடை தெரிஞ்சதை ஒதுக்கறார்.” மூக்கு சார் பேனாவை மூடி வைத்தார். “ஆனா இந்தக் காகிதத்தை மட்டும் வச்சு இவரை உள்ள தள்ளாதீங்க. அப்படி ஒருத்தரை நான் ஏற்கெனவே தள்ளிட்டேன். வேற சாட்சி தேடுங்க.”

தேடினார்கள். தம்பி மகனின் கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் ஒரு கத்தி. பிடியின் இடுக்கில் கேஸ் ட்யூப்பின் ரப்பர்த் துணுக்கு.

“அத்தை வீட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எழுதி வைக்கப் போறேன்னாங்க” என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. “சமையல்காரிக்கு வாசனை தெரியாதுன்னு அத்தைதான் பாவப்பட்டு எங்கிட்ட சொன்னாங்க. அத்தைக்கு ஜலதோஷம். ஒரே வீட்ல ரெண்டு அடைச்ச மூக்கு... இதைவிட நல்ல நாள் எனக்கு எப்போ வரும்?”

கோர்ட்டில் மூக்கு சார் கூண்டேறினார். “தப்பு அந்தம்மா மூக்குல இல்ல, என் புத்தகத்துல” என்றார். பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் தலை குனியவில்லை.

வெளியே வந்த சமையல்காரம்மா கும்பிட்டார். “விடுங்க சார். சாமி பார்த்துக்கிச்சு.”

அந்த அம்மா விட்டுவிட்டார். மூக்கு சாரால் விட முடியவில்லை. ஜெயிலில் எட்டு மாதம் என்பது இருநூற்று நாற்பது மத்தியானம்!

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை.

ஊர்க்கோடியில், சமையல்காரம்மா குடியிருக்கும் வரிசை வீடுகள். ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக, கதவில்லாத ஒரு சமையல் கூடம். எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள்.

மூக்கு சார் தோள்பையுடன் உள்ளே நுழைந்தார். கேஸ் கனமானது, கீழேதான் தேங்கும். அதனால் மண்டியிட்டார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நான்கு ஸ்குரூவை முறுக்கி, கேஸ் கசிந்தால் கத்தும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைப் பொருத்தினார். மண்டியிட்டபடியே ஒரு நிமிடம் கண்ணை மூடினார். யாரிடம் என்ன சொன்னார் என்பது நமக்கு வேண்டாம்.

பெட்டியில் பெயர் எழுதவில்லை. சீட்டு வைக்கவில்லை.

சிகரெட் லைட்டரைப் பற்ற வைக்காமல், அதன் கேஸை மட்டும் பெட்டியருகே விட்டுப் பார்த்தார்.

கீ...ங்!

ஊரையே தூக்கும் அலறல்! திருப்தியாக எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தார்.

பார்த்த சாட்சி என்று அடுப்படியில் ஒரே ஒரு பூனை இருந்தது... அதுவும் அந்த நொடியிலிருந்து தலைமறைவு!