தோற்க வேண்டிய ஆட்டம்

காலை 10.40. டொலீடோ ஹாமர்ஸ் அணியின் உடை மாற்றும் அறையில், தன் அலமாரிக்கு எதிரே, பந்தெறிபவர் ராய்ஸ் லாங்ஸ்டாஃப் தரையில் சரிந்து கிடந்தார். ஒரு காலணி காலில், இன்னொன்று கையில். குறட்டை வந்தது, நின்றது, வெகுநேரம் கழித்து மறுபடி வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். முப்பத்தெட்டு வயசுப் பெருசுக்கு ஆட்டத்துக்கு முன்னாடி ஒரு தூக்கம் வேணும்தானே என்றான் ஒருவன். உதடு நீலமானதைப் பார்த்த பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அணியின் சிகிச்சையாளர் யோலாண்டா ப்ரூயிட் ஓடி வந்து அவர் தாடையைத் தூக்கிப் பிடித்து மூச்சுக்கு வழி செய்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

11.10. துப்பறியும் அதிகாரி ஐரீன் ஸாபோ கோட்டிலிருந்து பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தபோது, குற்றவாளி யோலாண்டாதான் என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

முடிவு செய்தவர் அணியின் மேலாளர் கிரெக் ஸ்டான்விக். அவர் அடுக்கியது இவ்வளவு: தசைப்பிடிப்பு வராமலிருக்க வீரர்கள் ஆட்டத்துக்கு முன் வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் குடிப்பார்கள். அதைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றி ஒன்பதரைக்கு அலமாரிகளில் வைப்பது யோலாண்டா. அந்தப் புளிப்பிலும் உப்பிலும் எதைக் கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது. அவளுடைய மருந்துப் பெட்டியில் தூக்க மாத்திரை நான்கு குறைகிறது. ஒரு மணிக்கு ஆட்டம். அதற்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் எல்லோருக்கும் நல்லது.

பெட்டியை ஆட்ட நாள் காலையில் யாரும் பூட்டுவதில்லை, ஐம்பது பேர் வலி மாத்திரைக்கு வந்து போகிறார்கள் என்று யோலாண்டா சொன்னாள். அவள் குரல் நடுங்கவில்லை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள். ஒரு சந்தேகம் எழுத்தில் ஏறினால் போதும், உரிமம் போய்விடும்.

"ஊத்தினது நான். கலந்தது நான் இல்ல," என்றாள். "ஆனா இந்தக் கட்டடத்துல யாரைத் தூக்கிப் போடறது சுலபம்னு அவருக்குத் தெரியும்."

ராய்ஸ் விழுந்ததால் யாருக்கு லாபம் என்று ஐரீன் ஸ்டான்விக்கைக் கேட்டாள். ஒருவருக்கும் இல்லை என்றார் அவர்.

பொய். டொலீடோவில் பெட்ரோல் போடுகிறவனுக்குக்கூட பதில் தெரியும். பதினாறு ஆட்டத்தில் ஹாமர்ஸ் ஜெயித்தது இரண்டு. இன்று பதினேழாவது, கடைசி. தோற்றால் நாட்டிலேயே அடிமட்டம். இந்த லீக்கில் அடிமட்டத்துக்குப் பரிசு உண்டு: ஏப்ரலில் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கு போடும்போது முதல் ஆளைத் தூக்கிக்கொள்ளலாம். இந்த வருஷத்து முதல் ஆள், பந்தெறிவதில் சூரன், டெக்சாஸில் இருக்கிறான். இன்று ஜெயித்தால் அவன் வேறு ஊருக்குப் போய்விடுவான். 'தோத்துத் தொலைங்கடா' என்று சொந்த விசிறிகளே அரங்கத்தில் அட்டை பிடிக்கிறார்கள். பரீட்சையில் ஃபெயிலானவனுக்கு முதல் சீட் கொடுக்கும் பள்ளிக்கூடம் உலகத்தில் எங்காவது உண்டா? இங்கே அதற்குத் தொலைநோக்கு என்று பெயர்.

அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயரில்தான் கால்; மற்றதெல்லாம் கை. பந்தெறிபவர் சாய்ந்தால் அணி சாய்ந்தது. எனவே அந்தக் கட்டடத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் நினைத்தார்கள்: தோற்கவைக்க யாரோ ராய்ஸுக்கு மருந்து வைத்துவிட்டார்கள்.

11.25. இனி பந்தெறியப் போவது யார் என்று ஐரீன் கேட்டாள். டிவாண்டே ஓக்ஸைக் காட்டினார்கள். இருபத்துநான்கு வயது, இடக்கைக்காரன். காலை ஒன்பதிலிருந்து ராய்ஸ் விழும்வரை தலைமைப் பயிற்சியாளரின் பக்கத்திலேயே உட்கார்ந்து குறிப்பெழுதிக்கொண்டிருந்ததைப் பத்துப் பேர் பார்த்திருக்கிறார்கள்.

"நான் குஷியா இருக்கேன்னு நெனைக்காதீங்க," என்றான் ஓக்ஸ். "செப்டம்பர்ல ராய்ஸுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சு. ரெண்டு ஆட்டம் எனக்குக் கெடச்சுது. ரெண்டும் ஜெயிச்சோம். அப்புறம் உக்கார வெச்சுட்டாங்க. ஏன்னு கேட்டா, ராய்ஸுக்கு அனுபவமாம்."

ஐரீன் அதைக் குறித்துக்கொண்டு, அன்று காலை சிகிச்சைக்கு வந்தவர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். 9.10, ஒருவனுக்குக் கணுக்காலில் கட்டு. 9.45, தலைவலி. 10.15, ஜாமிர் கோல், பந்து பிடிப்பவர், வலக்கைச் சுண்டுவிரல் மடங்கியது. 10.20, வயிற்றுக்கடுப்பு. ஒவ்வொன்றுக்கும் நேரம் போட்டிருந்தாள் யோலாண்டா.

11.40. ஜாமிர் கோல் விரலில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆறு வருஷமாகப் பந்து பிடிக்கிறவனுக்கு விரல் எப்படி மடங்கியது என்று ஐரீன் கேட்டதும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பந்து பிடிப்பவர்கள் தினமும் காலையில் பந்து வீசும் மெஷினுக்கு முன்னால் நின்று பிடித்துப் பழகுவார்கள். அதை ஓட்டுவது அவர்களுடைய பயிற்சியாளர் எர்ல் டீக்.

"முதல் பந்தே எதிர்ப்பக்கமா சுத்திக்கிட்டு வந்துச்சு, மேடம். கை பழகல. 'தூங்குறியாடா, கண்ணைத் தொறந்து பிடி'ன்னு கோச் திட்டினாரு. அப்புறம் முப்பது பந்து பிடிச்சோம். சரியாயிடுச்சு."

அப்போது மணி என்ன? பத்து இருக்கும். மெஷின் இதற்குமுன் எப்போது அப்படிச் சுற்றியது? ஜாமிர் யோசித்தான். செப்டம்பரில் ஒரு பத்து நாள் என்றான்.

ஐரீன் மைதானத்தின் ஓரத்துக்குப் போய் மெஷினைப் பார்த்தாள். இரண்டு சக்கரம், நடுவே பந்து. சக்கரங்களின் சாய்வை மாற்றினால் பந்து சுழலும் திசை மாறும். சாய்வு இன்னும் மாற்றியபடியே இருந்தது.

12.05. மருத்துவமனையிலிருந்து தகவல் வந்தது: ராய்ஸ் பிழைத்துவிட்டார். அவர் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு இது சேர்ந்ததில் இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் கதை முடிந்திருக்கும்.

12.10. சிகிச்சை அறை. கதவைச் சாத்தினாள் ஐரீன். உள்ளே ஸ்டான்விக், யோலாண்டா, எர்ல் டீக். டீக்குக்கு ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருஷமாகப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறவர்.

"எல்லாரும் தோக்கவைக்கத்தான் செஞ்சாங்கன்னு நெனைச்சீங்க," என்றாள் ஐரீன். "ராய்ஸ் ஆடினா தோல்வி. ஓக்ஸ் ஆடினா ஜெயிக்க வழி இருக்கு. அப்போ ராய்ஸைப் படுக்க வெச்சவருக்கு ஜெயிக்கணும்."

ஸ்டான்விக்கின் முகம் சிவந்தது. அது வெறும் ஊகம் என்றார்.

ஊகமில்லை என்று ஐரீன் விளக்கினாள். இடக்கையால் எறியும் பந்து எதிர்த் திசையில் சுழலும். பழகாத கை தட்டிவிடும். ஓக்ஸ் ஆடிய அந்தப் பத்து நாள் மட்டும்தான் மெஷின் அப்படிச் சுழன்றது. இன்று காலை பத்து மணிக்கு, ராய்ஸ் நல்ல உடம்போடு நடமாடிக்கொண்டிருந்தபோதே, மறுபடி அப்படிச் சுழன்றது. ஓக்ஸ் ஆடப் போகிறான் என்று ஓக்ஸுக்கே தெரியாத நேரம் அது. தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். மெஷினுக்குப் பின்னால் நின்றவர்.

"கோப்பையில கலந்ததோட நிறுத்தியிருந்தா எனக்கு உங்க பேரே தெரிஞ்சிருக்காது, மிஸ்டர் டீக். பசங்களைத் தயார் பண்ணாம மைதானத்துக்கு அனுப்ப உங்களால முடியல."

டீக் மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ராய்ஸைத் தோற்பதற்காகத்தான் ஆடவைத்தார்கள், அது ராய்ஸுக்கே தெரியும் என்றார். தன்னிடம் இருப்பது ஆறு பேர். நாலு பேருக்கு இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. கைக்கு வராத பந்தை எவன் பிடிப்பான்? ஆனால் இன்றைய படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அணி வேலை கொடுக்கும். பந்து தவறியதுதான் அதில் தெரியும், எறிந்தவனை ஏன் இறக்கினார்கள் என்பது தெரியாது. டெக்சாஸ்காரன் வரும்போது இவர்கள் யாரும் இங்கே இருக்க மாட்டார்கள்.

"ஒருத்தனுக்கு மயக்க மருந்து வெச்சா போலீஸ் வருது," என்றார் டீக். "ஊருக்கே வெச்சா அதுக்குத் திட்டம்னு பேரு."

"அந்த ஒருத்தருக்கு மூச்சு நின்னு நின்னு வந்துச்சு," என்றாள் ஐரீன்.

"ரெண்டு போதும்னுதான் இருந்தேன். பெரிய உடம்பாச்சேன்னு நாலு போட்டேன்." அவர் யோலாண்டாவின் பக்கம் திரும்பினார். "உன் பேரு அடிபடும்னு நெனைக்கல, யோலி."

"நெனைச்சிருக்கணும், கோச்," என்றாள் யோலாண்டா. "கோப்பை ஊத்துறவ நான்தானே."

ஐரீன் டீக்கை வெளியே நின்ற காவலரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொப்பியை எடுக்கத் திரும்பி வந்தாள்.

12.25. ஸ்டான்விக் மேஜைமேல் ஒரு படிவத்தை வைத்து யோலாண்டாவின் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் அவருக்கு முதுகு.

"ஓக்ஸுக்குத் தோள்ல வலின்னு எழுது. இன்னிக்கு ஆடக் கூடாதுன்னு போடு. மூணாவது ஆளை இறக்கிக்கறேன்." மூன்றாவது ஆள் இந்த வருஷம் ஒரு பந்துகூட எறிந்ததில்லை. "காலைல நடந்ததை நான் மறந்துடறேன். உன் வேலை பத்திரமா இருக்கும்."

யோலாண்டா அவரை ஒரு முறை பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் அவளைக் கைது செய்யச் சொன்ன அதே வாய்.

அவள் பேனாவை எடுத்தாள். ஸ்டான்விக் மூச்சை விட்டார்.

டிவாண்டே ஓக்ஸ், என்று எழுதினாள். இரு தோள்களும் நேற்று மாலை பரிசோதிக்கப்பட்டன. குறையில்லை. ஆடலாம். நேரம் 12.28. பொய்ச் சான்று கேட்டவர்: கிரெக் ஸ்டான்விக். கீழே முழுப் பெயரையும் உரிம எண்ணையும் போட்டாள்.

"தோக்கணும்னு நெனைக்கிறது குற்றமில்ல," என்றார் ஸ்டான்விக், வாசலில் நின்ற ஐரீனைப் பார்த்துவிட்டு.

"இல்லதான்," என்று ஐரீன் கையை நீட்டினாள். "அந்தக் காகிதத்தைக் குடுங்க. அதுல இருக்கிறது குற்றமா இல்லையான்னு நான் படிச்சுப் பாக்குறேன்."

யோலாண்டா படிவத்தை அவளிடமே கொடுத்தாள். பிறகு ஸ்டான்விக்கைச் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, ஓக்ஸ், மணிக்கட்டுக்குக் கட்டுப் போட வா, நேரமாகிறது என்று கூப்பிட்டாள்.