வெண்ணெய் உருகிய காலை

காலை ஏழு மணி. பேக்கரிக்காரர் போட்ட கூச்சலில் தெருவே எழுந்து உட்கார்ந்தது.

"ஐயோ, என் வெண்ணெய்! எல்லாம் உருகிப் போச்சே!"

எதிரில் கடை திறந்துகொண்டிருந்த ஜவுளிக்கடை அக்கா ஓடிவந்து பார்த்தாள். வெண்ணெயைவிடப் பெரிய நஷ்டம் கண்ணில் பட்டது. மேசைமேல் மைக் இல்லை.

பேக்கரியின் பின்னறைதான் அந்த வட்டாரத்து வானொலி நிலையம். விளம்பரம் கிடையாது, சம்பளமும் கிடையாது. எந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பஸ் நின்றுபோனது என்று தினமும் மாலையில் சொல்லும். அக்கா அதில் சந்தை நிலவரம் சொல்லுவாள். அறைக்கு வாடகை இல்லை. பேக்கரிக்காரரின் பழைய ஃபிரிட்ஜ் அங்கேயே இருக்கும் என்பதுதான் ஒரே நிபந்தனை. அது உறுமினால் மைக்கில் விழும். ஆகவே பேச உட்காருகிறவர் அதை அணைத்துவிட்டு, தன் வண்டிச் சாவியை உள்ளே வெண்ணெய்மேல் வைத்துவிடுவார். கிளம்பும்போது சாவிக்காகத் திறந்தே ஆகவேண்டும். சுவிட்சைப் போடும் நினைப்பும் வந்துவிடும்.

அன்று மாலை உறுப்பினர் கூட்டம். நிலையத்தை விளம்பரக் கம்பெனியிடம் கொடுப்பதா, நாமே நடத்துவதா? மைக்கும் இல்லையென்றால் "நாமே" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பூட்டு உடையவில்லை. கதவுச் சாவி மூன்று பேரிடம்தான்: பேக்கரிக்காரர், 'ஃபியூஸ்' என்று எல்லாரும் கூப்பிடும் மின்வேலைக்காரன், செயலாளர் வாத்தியார்.

"இவன்தான் எடுத்திருப்பான்!" என்று, கூச்சல் கேட்டு வந்து நின்ற ஃபியூஸைக் காட்டினார் பேக்கரிக்காரர்.

"அண்ணே, நான் திருடறதா இருந்தா உங்க ஃபிரிட்ஜைத்தான் தூக்கியிருப்பேன். தெருவே நிம்மதியாத் தூங்கும்."

"நைட்டு கரண்ட் போச்சாடா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. யாரோ சுவிட்சை அணைச்சிருக்காங்க. நேத்து வாசிச்சது நான். முடிஞ்சதும் நான்தான் அதைப் போட்டுட்டு பைக் சாவியை எடுத்தேன்."

"ஆமா, நான் கடை மூடும்போதுகூட உறுமிட்டுதான் இருந்துச்சு" என்றார் பேக்கரிக்காரர்.

வாத்தியார் வியர்வையைத் துடைத்தபடி, தோளில் பையோடு வந்தார். "ஸ்கூட்டர் ஒரு வாரமா ஒர்க்‌ஷாப்ல கிடக்கு. பஸ்ஸும் கிடைக்கலம்மா. என்ன, மைக் போச்சா? பேசாம கம்பெனிக்கே குடுத்துடலாம்."

அக்காவின் புருவம் உயர்ந்தது. பேரமே பேசாமல் சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பவரைக் கண்டால், சரக்கை விட்டுவிட்டு ஆளைத்தான் பார்ப்பாள்.

"திருட வந்தவன் மைக்கைத் தூக்கிட்டுப் போவான். ஃபிரிட்ஜை ஏன் அணைக்கணும்? அணைச்சவர் முதல்ல மைக் முன்னாடி உக்காந்து பேசியிருக்கார். திரும்பப் போட மறந்துட்டார். நம்மள்ல யாரும் மறந்ததே இல்ல, சாவி உள்ள இருக்கும். மறந்தவர்கிட்ட உள்ள வைக்க வண்டிச் சாவியே இல்ல." அவள் குரல் தணிந்தது. "பேக்கரி அண்ணன் மைக் முன்னாடி உக்காந்ததே இல்ல. பஸ்ல வர்றது நீங்க ஒருத்தர்தான் சார்."

வாத்தியார் பையைத் திறந்தார். துண்டில் சுற்றிய மைக்.

"கடைசி வணக்கம் பதிவு பண்ண உக்காந்தேன். சொல்லி முடிக்க முடியல. பாதியிலயே மைக்கைப் பிடுங்கிட்டு ஓடிட்டேன்."

"எதுக்கு சார்?"

"சேதி சேகரிக்க நான், முக்காவாசி நாள் வாசிக்க நான், அறையைப் பெருக்கவும் நான். கூப்பிட்டா எல்லாரும் அடுத்த வாரம்கறீங்க. மைக் போச்சுன்னா, நிறுத்தினது நான்னு ஆகாதேன்னு..."

அக்கா மைக்கை வாங்கி மேசைமேல் வைத்தாள். பிறகு பேக்கரிக்காரர் செருமினார். "செவ்வாய்க்கிழமை நான் வாசிக்கறேன். என் குரல் மைக்குக்கு ஒத்துவருமா?"

"இப்பத்தான் கேட்டோமே அண்ணே, உங்களுக்கு மைக்கே வேண்டாம்" என்றான் ஃபியூஸ்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெருக்கும் வேலை ஃபியூஸ் தலையில் விழுந்தது. சேதி சேகரிப்பதை அக்கா எடுத்துக்கொண்டாள். கடைக்கு வருகிறவர்கள் துணி வாங்குவதைவிடச் சேதி சொல்வதுதான் அதிகம்.

மாலைக் கூட்டத்தில் கம்பெனிக்கு ஒரு கைகூட உயரவில்லை. செய்தி நேரம் வந்ததும் ஃபிரிட்ஜ் அடங்கியது. உள்ளே புது வெண்ணெய்மேல் ஃபியூஸின் பைக் சாவி, அக்காவின் மொபெட் சாவி, பேக்கரி ஷட்டர் சாவி.

எல்லாவற்றுக்கும் மேலே, வாத்தியாரின் வீட்டுச் சாவி.