திருப்பிப் போட்ட வீடு

கடல் பக்கத்துக் கண்ணாடிச் சுவரில் ஒரு கை அடையாளம் இருந்தது. அந்த வீட்டை வடிவமைத்தவள் உள்பக்கம் அழுத்தித் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. வெளிப்பக்கமாக இருக்குமோ என்று மேஸ்திரியைப் போனில் கேட்டாள்.

“வெளிய காலையிலயே கழுவியாச்சு மேடம். பொட்டு அழுக்கு கிடையாது.” சிரித்தார். “கதவுக்குக் கைப்பிடி இல்ல, சுவத்துல சுவிட்ச் இல்ல. வீட்டுக்காரர் உள்ள போய்ட்டு, வெளிய வர வழி கேட்டு எனக்குத்தான் போன் போடப்போறார்.”

“வழி தெரியக்கூடாது. அதுதானே டிசைனே.”

விடுமுறை வீட்டில் கடலைத் தவிர எதுவும் கண்ணை இழுக்கக்கூடாது என்பது அவள் கட்சி. ஆள் அசைந்தால் எரிந்து, இல்லையென்றால் தானே அணையும் விளக்குகள். கோடுகூடத் தெரியாமல் சுவரோடு சுவராகும், அழுத்தினால் திறக்கும் கதவு. இந்த மாதிரி வீடுகளைப் படம் எடுப்பவர்கள் முதலில் ஆட்களைத்தான் விலகச் சொல்வார்கள், வரைந்தவள் உட்பட. அது ஏனோ அவளுக்கு எப்போதும் நியாயமாகவே பட்டிருக்கிறது.

போன் அடித்தது. வாசலில் காருக்குள் காத்திருக்கும் மகள்.

“எவ்ளோ நேரம்மா? கால் மரத்துப்போச்சு.”

“இதோ வந்துட்டேன்டி.”

“நீ ‘இதோ’ன்னாலே எனக்குத் தூக்கம் வந்துரும்.”

சிரித்துக்கொண்டே கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடது பக்கச் சுவரை அழுத்தினாள். திறக்கவில்லை. தலையில் தட்டிக்கொண்டாள். முதலில் வரைந்தது வேறு மனைக்கு; மனை மாறியபோது புதிதாக வரையப் பொறுமையில்லாமல் பிளானை அப்படியே மிரர் அடித்துவிட்டாள். ஒரே சொடுக்கில் இடமெல்லாம் வலமாயிற்று. கைக்குத்தான் இன்னும் பழைய பிளான்.

வலது பக்கம் போய் அழுத்தினாள். அதுவும் திறக்கவில்லை.

புதுப் பெயின்ட் வாசனையும் அதற்கடியில் ஈர உப்பின் வாசனையும் வந்தன. அலைச் சத்தம் கேட்கவில்லை, தடித்த கண்ணாடி அதை வெளியிலேயே நிறுத்தியிருந்தது. தன் மூச்சும், இடது மணிக்கட்டு வாட்ச் சுவரில் இடிக்கும் சத்தமும் மட்டும். கொஞ்சம் மேலே. கொஞ்சம் கீழே. நகத்தால் சுரண்டினாள். கோடு இல்லை. இங்கேதான் வரைந்தாள். இந்த வழியாகத்தான் உள்ளே வந்தாள்.

தோளுக்கு மேலாகக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

வெளியே இருட்டிவிட்டதால் அறை முழுவதும் அதில் தெரிந்தது. சுவரில் கை வைத்து நிற்கும் பெண்ணும் தெரிந்தாள். ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குக் கதவு இடது கைப்பக்கம். முதலில் வரைந்த மாதிரியே.

அங்கே கதவு திறந்தது.

அந்தப் பெண் வெளியே போனாள். கதவு சுவராயிற்று.

போனில் மகளைக் கூப்பிட்டாள்.

“கண்ணு, ஓடி வந்து வெளிய இருந்து கதவத் தள்ளு. அம்மா உள்ள மாட்டிக்கிட்டேன்.”

“எந்தக் கதவு? அதான் வந்துட்டியே.”

கார்க் கதவு சாத்தும் சத்தம். மகளின் குரல் சற்றுத் தள்ளிக் கேட்டது, வேறு யாரிடமோ பேசுவது போல.

“என்னம்மா நீ, வாட்ச வலது கையில கட்டியிருக்க?”

இன்ஜின் கிளம்பியது. போன் அடங்கியது.

கத்தினாள். சுவரைக் குத்தினாள். கைகளை வீசி வீசி அறைக்குள் ஓடினாள்.

விளக்கு அணைந்தது.

மறுபடி கைகளை வீசினாள். எரியவில்லை. அறையில் யாரும் இல்லை என்று வீடு முடிவு செய்துவிட்டது.

இருட்டில் கண்ணாடிக்கு அப்பால் கடல் வெளிறித் தெரிந்தது. கண்ணாடியில் அவள் இல்லை. கை அடையாளம் மட்டும் இருந்தது.

அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

விரலுக்கு விரல் பொருந்தியது.