ஜன்னலில் ஒரு டாட்டா

"அப்பா...!"

மகள் அலறினாள்.

தியேட்டரே கைதட்டியது.

தப்பில்லை. 'தெருக்கோடிப் பேய்' ஓடும்போது யார் அலறினாலும் கைதட்டுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். படம் எடுத்த அதே சின்ன ஊர். அந்த ஊரின் ஒரே தியேட்டர். வருஷத்துக்கு ஒரு தடவை எங்கெங்கிருந்தோ ரசிகர்கள் வந்து இறங்குவார்கள். வசனம் முழுக்க மனப்பாடமான படத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பார்கள்.

பேயின் காலில் ரப்பர் செருப்பு தெரியும் இடத்தில் விசில்.

பேய் வாசற்படியில் தடுக்கும் இடத்தில் எல்லோரும் சேர்ந்து, "பாத்து வாம்மா..."

எல்லாவற்றுக்கும் உச்சம், டாட்டா மாமா.

பேய் தெருவில் நடந்து வரும். அதன் தோளுக்குப் பின்னால் ஒரு வீட்டு ஜன்னல். ஜன்னலில் ஒரு மனிதர். கதைக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கேமராவைப் பார்த்துத் தலைக்கு மேலே கையைத் தூக்கி, டாட்டா காட்டுவார்.

உடனே தியேட்டர் மொத்தமும் எழுந்து நின்று அவருக்குத் திருப்பி டாட்டா காட்டும். இந்த வருஷம் டாட்டா மாமா படம் போட்ட பனியன்கூட விற்பனைக்கு வந்துவிட்டது.

இன்றைக்கும் எழுந்தார்கள். காட்டினார்கள்.

நடுவரிசையில் ஒருத்தி மட்டும் காட்டவில்லை.

"நிறுத்துங்க... படத்தை நிறுத்துங்க. அது எங்கப்பா."

"சூப்பர்க்கா," என்றது பின்வரிசை. "அடுத்த வருஷமும் இதைப் பண்ணுங்க."

*

தியேட்டர் வராந்தா.

பாப்கார்ன் மெஷினுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, போஸ்டர்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் டைரக்டர். வாழ்நாளில் அவர் எடுத்த ஒரே படம் அது. வெளியானபோது சீந்த ஆளில்லை. இப்போது அவருக்குச் சோறு போடுவதும் அதுதான்.

மகளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார் இன்னொரு மனிதர்.

"தண்ணி குடிங்கம்மா. பயப்படாதீங்க. நான் இந்த ஊரு இன்ஸ்பெக்டர்."

மகள் நிமிர்ந்தாள். யூனிஃபார்ம் இல்லை. இன்ஸ்பெக்டரின் வயிற்றின் மேல் அவளுடைய அப்பா டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல அதை மறைங்க சார்."

இன்ஸ்பெக்டர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினார்.

"அந்த ஜன்னல் இருக்கே... அந்த வீட்லதான் நாங்க குடியிருந்தோம். அப்பா ஓடிப்போய்ட்டாருன்னு சொன்னாங்க. அப்ப நான் சின்னப் பொண்ணு. அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டே போய்ட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் ஓடிப்போனவன் பொண்ணுதான் சார் நான். என்னைக் கட்டிக்கறேன்னு வந்தவன்கூட, 'உங்கப்பா மாதிரி நீயும் ஓடிட்டா?'ன்னு கேட்டுட்டுப் போனான்."

"இங்க எப்படி வந்தீங்க?"

"ஆபீஸ்ல ஒருத்தர் ஃபோன்ல இந்தப் படத்துத் துண்டு பாத்து சிரிச்சுக்கிட்டிருந்தாரு. தெருவைப் பாத்ததும் தெரிஞ்சுது. அம்மாகிட்ட வேற ஊருல வேலைன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். அவரு எங்களை விட்டுட்டு ஓடலைன்னு தெரிஞ்சா போதும் சார். எனக்கு வேற எதுவும் வேணாம்."

டைரக்டர் பேனாவை மூடினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. ஓடத்தான் ஓடினாரு. நான்தான் சாட்சி. போலீஸ்லயே சொல்லியிருக்கேன்."

"என்ன சொன்னீங்க?"

"மத்தியானம் ஷாட் எடுக்கறேன், மனுஷன் ஜன்னலோரமா நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. 'அண்ணே, ஃப்ரேம்ல விழறீங்க, நகருங்க'ன்னு கத்தினேன். கைய ஆட்டினாரே தவிர நகரல. சாயங்காலம் பாத்தா ஆளையும் காணோம், சூட்கேஸையும் காணோம்னாங்க. டாட்டா காட்டிட்டுப் போனவரை யாரு தேடுவாங்க?"

"அந்த ஷாட்டை மறுபடி எடுத்திருக்கலாமே?"

"ஃபிலிம் ரோல் என்ன எங்க மாமனார் வீட்லயா காய்க்குது?"

மகள் சிரிக்கவில்லை.

"சார்... எங்கப்பாவால கையைத் தூக்க முடியாது."

"என்னது?" இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"வலது கை. ஃபேக்டரி மெஷின்ல மாட்டி, தோள்ல ஸ்டீல் தகடு வச்சிருந்தாங்க. நெஞ்சுக்கு மேல வராது. இடது கையாலதான் தலை சீவுவாரு. சட்டை போடணும்னாகூட அம்மாதான் அந்தக் கையைத் தூக்கி விடணும். நீங்க எல்லாரும் வருஷா வருஷம் பாக்கற டாட்டா... எந்தக் கையில?"

இன்ஸ்பெக்டர் ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாக இறக்கினார்.

குனிந்து பார்த்தார்.

வலது கை.

*

ஆபரேட்டர் ரூம்.

சூடான மெஷின் வாசனை. மூன்று பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர். ஆபரேட்டர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட விட்டார். பேய் வந்தது... போனது... வந்தது.

"இந்தக் கண்றாவியை எத்தனை தடவை சார் பாத்திருப்பீங்க?" மகள் கேட்டாள்.

"கணக்கு சொன்னா என் சம்சாரம் டைவர்ஸ் கேப்பா."

"இதுல அப்படி என்ன இருக்கு? பேய்க்கு ஒட்டின முடி பாதி உரிஞ்சு தொங்குது."

"அதாம்மா இருக்கு." இன்ஸ்பெக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெரிய பட்ஜெட் பேய் எங்கேயோ மலை மேல பங்களாவுல இருக்கும். நாம அந்தப் பக்கமே போகப்போறதில்ல. இந்தப் பேய் மளிகைக் கடை எதிர்ல வருது. நடிச்சது தபால்காரரோட சம்சாரம். சின்ன ஊருல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். காலைல சிரிச்சுப் பேசின மூஞ்சி சாயங்காலம் வேற மாதிரி பாத்தா எப்படி இருக்கும்? அந்த பயத்துக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?"

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் இவ்வளவு யோசிச்சு எடுக்கலைங்க."

"தெரியும்யா. நீ யோசிச்சிருந்தா படம் கெட்டிருக்கும்." இன்ஸ்பெக்டர் மகளைப் பார்த்தார். "பொய் சொல்றதுக்குக் காசு வேணும்மா. செட்டு, லைட்டு, கிராஃபிக்ஸ்... இந்த ஆள்கிட்ட அது இல்ல. அதனால கேமரா முன்னாடி எது நடந்துச்சோ, அது அப்படியே விழுந்திருக்கு. பேய் தடுக்கி விழுந்தா நிஜமாவே விழுந்திருக்கு. முட்டியில வர்ற ரத்தம்கூட நிஜம். அதான் சிரிச்சுக்கிட்டே பாத்தாலும் உள்ளுக்குள்ள..."

சட்டென்று நிறுத்தினார்.

"ஆபரேட்டர், அங்கயே நிப்பாட்டு."

படம் உறைந்தது.

டாட்டா மாமாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதைத்தான் இத்தனை வருஷமாகச் சிரிப்பு என்று நினைத்திருந்தார்கள்.

தூக்கிய கையின் மணிக்கட்டில் ஏதோ ஒன்று. ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து நீண்ட மங்கலான கோடுகள்...

விரல்கள்.

வேறு யாருடைய விரல்களோ.

"ஐயையோ..." என்றார் ஆபரேட்டர்.

"இவரு கத்தினதும் திரைக்குப் பின்னாடி இருந்தவன் பயந்திருக்கான்," இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கிப்போயிருந்தது. "உயிரோட இருக்கற மாதிரி காட்டறதுக்கு, பொணத்தோட கையைத் தூக்கி ஆட்டியிருக்கான். நாங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு..."

வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தார்.

"இந்த ஃப்ரேமை இப்பவே லேபுக்கு அனுப்பறேன். விரலைப் பெரிசு பண்ணிடுவாங்க. யாருங்கறது அப்புறம். பாடி எங்க போச்சு?"

டைரக்டர் ஃபிலிம் டப்பா மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சார்... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுய்யா."

"கிளைமாக்ஸுக்காக அந்த வீட்டுக்குப் பின்னாடி காலி மனையில குழி வெட்டினோம். நல்ல ஆழமா. அன்னிக்கு சாயங்காலம் ஷாட் முடிஞ்சுது. மறுநாள் காலைல ஆள் விட்டு மூடணும். போய்ப் பாத்தா..."

"பாத்தா?"

"மூடியிருந்துச்சு."

"யாரு மூடினது?"

"கேக்கல சார்."

"ஏன்யா கேக்கல?"

"கேட்டா கூலி கேப்பாங்களேன்னு..."

படப்பிடிப்பில் ஒவ்வொரு செலவையும் இரண்டு தடவை சரிபார்த்த மனிதர், இலவசமாக நடந்த ஒரு வேலையை மட்டும் சரிபார்க்கவில்லை. யாராக இருந்தாலும் பார்க்க மாட்டார்கள்.

*

'தெருக்கோடிப் பேய் சமாதி' என்று அந்த இடத்தில் ஒரு பலகை இருந்தது. ரசிகர்கள் அதன் மேல் மல்லாந்து படுத்து ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். மண் வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது.

வெயில் சாயும் முன்பே தோண்ட ஆரம்பித்தார்கள். கான்ஸ்டபிள்கள் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்கு வெளியே கூட்டம். தூக்கிய கைகளில் எல்லாம் ஃபோன்.

"இந்த வருஷம் ஸ்பெஷல் ஷோ போல."

"போலீஸ் டிரஸ் எல்லாம் வாடகைக்கு எடுத்திருக்காங்கடா. டைரக்டர் கிட்ட காசு சேந்துடுச்சு."

மண்வெட்டி எதிலோ மோதியது. முதலில் துருப்பிடித்த சூட்கேஸ். அதன் கீழே...

கூட்டம் விசிலடித்தது.

வலது தோள் எலும்பில் ஒரு தகடு மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், எலும்பு பிளாஸ்டிக்கா?" யாரோ எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மனுஷன்யா அது," என்றார் இன்ஸ்பெக்டர்.

விசில் நின்றது. ஃபோன்கள் இறங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மகளிடம் வந்தார்.

"உங்கப்பா ஓடலைம்மா."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாழ்நாள் முழுவதும் ஊரோடு பேரம் பேசியிருக்கிறாள். படியாத பேரம். இப்போது பொருள் கைக்கு வந்துவிட்டது. கனமே இல்லை.

"யாருன்னு கண்டுபிடிங்க சார். யாரா இருந்தாலும் விடாதீங்க. எனக்கு எழுதிக் குடுங்க."

"எழுதி வேற குடுக்கணுமா? சுத்திப் பாருங்க. இத்தனை பேரு படம் பிடிச்சாச்சு. இனிமே நானே விடணும்னு நெனச்சாலும் விட முடியாது. லேப்காரன் கொஞ்ச நேரத்துல அனுப்பிடுவான்."

மகள் கூட்டத்தை விட்டு விலகி நடந்தாள். இடிந்த மதில் ஓரமாக நின்று, ஃபோனைத் தட்டினாள்.

மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சாப்ட்டியாடி? வேலை முடிஞ்சுதா?"

"அம்மா... நான் நம்ம பழைய ஊருல இருக்கேன். அப்பா கிடைச்சுட்டாரும்மா."

மெஷின் நின்றது.

"எங்க?"

"வீட்டுக்குப் பின்னாடி. மண்ணுக்குள்ள." மகள் உடைந்தாள். "அவரு நம்மள விட்டுட்டுப் போகலம்மா. யாரோ கொன்னுட்டாங்க. நீ இத்தனை வருஷம் அவரை நெனச்சு அழுததெல்லாம்... கொன்னவனோட விரல் படத்துல விழுந்திருக்கும்மா. போலீஸ் பெரிசு பண்ணிக்கிட்டிருக்காங்க. நான் விடமாட்டேம்மா."

அம்மா அழுகிறாள் என்று நினைத்தாள் மகள். அழட்டும் என்று காத்திருந்தாள்.

"அந்த ஆளு தகர டப்பா மாதிரி ஒரு கேமரா வச்சிருந்தான்," என்றாள் அம்மா, நிதானமாக. "அதுல விரல் வரைக்குமா விழும்?"

"அம்மா...?"

"நான் இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தேன். அவரு சூட்கேஸைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு. எவளோ பஸ் ஸ்டாண்டுல காத்துக்கிட்டிருக்கான்னு சொன்னாரு. இஸ்திரிப் பெட்டி கையில இருந்துச்சு. ஜன்னலோர நாற்காலியில போய் விழுந்தாரு. அவ்வளவுதான்டி."

"அப்போ... அப்பா..."

"ஓடத்தான் கிளம்பினாரு. அதுல நான் உனக்குப் பொய் சொல்லல. வாசல் தாண்டல, அது ஒண்ணுதான் குறை."

மதில் ஓரமாக மகள் சரிந்து உட்கார்ந்தாள். ஓடாத அப்பா ஒருவர் கிடைத்து, ஒரு ஃபோன் பேச்சு முடிவதற்குள் அவரும் போய்விட்டார். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

காலடிச் சத்தம்.

இன்ஸ்பெக்டர் ஃபோனைப் பார்த்தபடியே வந்தார். முகத்தில் அவருக்கே தெரியாத ஒரு குழப்பம்.

"லேப்ல இருந்து வந்துடுச்சும்மா. ஆம்பளை விரல் இல்ல. ரெண்டு கண்ணாடி வளையல் தெரியுது... அந்த வீட்ல வேற யாரு இருந்தாங்க?"

மகள் ஃபோனைக் குனிந்து பார்த்தாள்.

"யாருகிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

அவள் ஃபோனை அணைக்கவும் இல்லை. மறைக்கவும் இல்லை. கைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மடியில் கிடந்த ஃபோனிலிருந்து அம்மாவின் குரல் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏய்... இருக்கியாடி? நான் நடிச்ச ஒரே படம் அது. நல்லாருந்துச்சா இல்லையான்னு நீ சொல்லவே இல்லையே?"