பனிவயலில் இன்னொரு போர்வை

ரியோசாகு வயலுக்குள் இறங்கியபோது அங்கே ஒரே ஒரு வெள்ளைப் போர்வைதான் இருந்தது, அதுவும் அவர் தோளில். இப்போது இரண்டு தெரிந்தன.

இசோகோ கையுறையால் கார்க் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்ததால் அவள் விட்ட மூச்செல்லாம் கண்ணாடியில் படிந்து உறைந்துகொண்டிருந்தது. துடைத்த இடம் தெளிவதும் உடனே பால்போல மங்குவதுமாக இருந்தது. தெளிந்திருந்த நேரத்தில் பார்த்தவரை சந்தேகமே இல்லை. வயலின் நடுவில், கொக்குக் கூட்டத்துக்கு இந்தப் பக்கம், குந்தியிருக்கும் ஆள் அளவுக்கு ஒரு வெள்ளைக் குவியல். அது அவள் கணவர் ரியோசாகு. அவருக்கு வலப்பக்கம், வெகு தூரத்தில், மொட்டை மரங்கள் வயலைத் தொடும் இடத்தில், அதே அளவில், அதே மாதிரி குந்தியபடி இன்னொன்று.

யாரோ படம் எடுக்க வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்காலத்தில் வடக்கே இந்தக் குஷிரோ பக்கம் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கா பஞ்சம்? தலையோடு கால் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டால் கொக்குகள் சட்டை செய்யாது. அப்படி உட்காருகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பக்கத்துப் போர்வையிடம் பேசக் கூடாது, யாரென்று கேட்கக் கூடாது, குறுக்கே நடக்கக் கூடாது. சாலையில் காத்திருக்கும் மனைவிமார்களுக்கும் சேர்த்துத்தான் சட்டம்: இஞ்சின் ஓடக் கூடாது, கதவை அறையக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது, ஹாரனைத் தொடவே கூடாது. கொக்குகள் ஒருமுறை மிரண்டு எழும்பினால் அன்றைய பொழுது எல்லோருக்கும் போச்சு.

கல்யாணமானதிலிருந்து இசோகோவின் குளிர்காலங்கள் இப்படித்தான் கழிந்திருக்கின்றன, குளிர்ந்த காரில், ஆறிய தேநீரோடு. இந்தப் பயணமும் அப்படித்தான். முதலில் பனிக்கட்டி மிதக்கும் கடலோரத்தில் கழுகுகள், பிறகு ஏரியில் அன்னங்கள், கடைசியாக இங்கே கொக்குகள். வழியெல்லாம் அவள்தான் ஓட்டினாள். இலையுதிர் காலத்தில் ரியோசாகுவுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்ததே பெரிது, குளிரில் நேரம் கணக்கில்லாமல் உட்காருவதெல்லாம் இனி வேண்டாம் என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் லென்ஸைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். இந்த ஒரு பயணம் முடியட்டும், அப்புறம் கேமராவை விற்றுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் சம்மதித்தாள். அவரை உயிரோடு தங்கள் ஊரான செந்தாய்க்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இறங்கும்போதுகூட அதைத்தான் பேசினார்கள்.

"கொக்கெல்லாம் ஆத்துக்குத் தூங்கப் போற வரைக்கும்தான், இசோ. அதுங்க கிளம்பினா நானும் எழுந்து வந்துடுவேன்."

"நடுவுல நெஞ்சு ஒரு மாதிரி இருந்துச்சுன்னா?"

"கையைத் தூக்கறேன். வந்து இழுத்துட்டுப் போ. போதுமா?"

போதாது என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. போர்வையைத் தோளில் சரியாகப் போட்டுவிட்டு அனுப்பிவைத்தாள்.

மூன்று மணிக்கெல்லாம் வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிட்டது. பின்னால் சாலையில் ஒரு டிராக்டர் வந்து, வெகு தூரத்திலேயே நின்றது. வயலுக்குச் சொந்தக்காரரான நிஷிகோரி இறங்கி நடந்து வந்தார். மாடு வளர்ப்பவர், மேலெல்லாம் புளித்த தீவன வாசனை. கண்ணாடியை அவள் கொஞ்சமாக இறக்கியதும் குனிந்து, கிசுகிசுப்பாகப் பேசினார்.

"இந்தத் தடவை அண்ணன் விடியக்காலையிலயே வந்து உக்காந்துட்டாரு போல, அக்கா."

மதியம் சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தோம், அவர் இறங்கியது இப்போதுதானே என்று இசோகோ சொன்னாள்.

நிஷிகோரி வயலைப் பார்த்தார். "காலையில மாட்டுக்குத் தீவனம் வைக்கறப்பவே ஒருத்தர் இருந்தாரே. அதோ, மரங்களுக்கு உள்ளாற. அண்ணன்தான்னு நெனச்சு நான் பேசாம போயிட்டேன்."

வேறு யாராவது அனுமதி கேட்டு வந்தார்களா என்று விசாரித்தாள். யாரும் வரவில்லையாம். இந்த வயலில் உட்கார வருகிறவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலில் ஒரு பலகாரப் பெட்டியோடு நின்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் இறங்குவார்கள், இவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மரியாதை தெரியாத ஆளாக இருப்பான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பால் கறக்க நேரமாகிவிட்டதென்று அவர் கிளம்பினார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

இசோகோ பைனாகுலரை எடுத்தாள். சாலையிலிருந்து தன் கணவர் நடந்துபோன தடம் பனியில் நீல நிறக் குழிகளாக வரிசையாய்த் தெரிந்தது. மற்றதைச் சுற்றி எந்தத் தடமும் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, மரங்களின் பக்கமும் இல்லை. பனி பெய்வது விடியும் முன்பே நின்றுவிட்டதாகத் தங்கியிருந்த விடுதியில் சொன்னார்கள். அப்படியானால் அந்த ஆள் இருட்டோடு இருட்டாக வந்து, காலை முழுக்க, மதியம் முழுக்க, கை காலைக்கூட நீட்டாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் நிஷிகோரி சொன்னது மரங்களுக்கு உள்ளே. இது இப்போது மரங்களுக்கு வெளியே இருக்கிறது.

மிகுந்த களைப்பு. அதுதான் அவளைக் கெடுத்தது. பயப்பட வேண்டிய நேரத்தில் அவளுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. மடியில் உரித்துப் போட்டிருந்த ஆரஞ்சுத் தோலின் வாசனை, நனைந்த கம்பளியின் வாசனை, தூரத்தில் கொக்குகளின் கட்டைக்குரல், காரின் தகரம் குளிரில் சுருங்கிச் சின்னதாகச் சொடுக்கும் சத்தம். ஒரு நொடி கண்ணை மூடினாள்.

திறந்தபோது வெயில் சிவந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தாள்.

மரத்துக்கும் அவருக்கும் பாதி வழியில் உட்கார்ந்திருந்தது அது.

பைனாகுலர் வழியாகப் பார்த்தாள். பின்னால் பனி அப்படியே இருந்தது, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். தவழ்ந்து வந்திருந்தால் இழுத்த தடமாவது இருக்க வேண்டும். துணி காற்றில் அசையவில்லை. அவள் கணவரின் போர்வை ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. அவர் முன்னால் பார்த்துக் குனிந்திருந்தார், கேமராவுக்குள் முகத்தைப் புதைத்தபடி. பக்கவாட்டில் அவருக்கு எதுவும் தெரியாது.

கை தானாக ஹாரன் மேல் போனது.

அந்த நேரம் பார்த்து இரண்டு கொக்குகள் ஆடத் தொடங்கின. ஒன்று கழுத்தை வளைத்து வணங்கியது, மற்றது சிறகை விரித்துத் துள்ளியது, சிவந்த வெயிலில் பனித்தூள் எழும்பிப் பொன்னாக விழுந்தது. இத்தனை குளிர்காலமும் அந்த மனிதர் காத்துக்கிடந்தது இந்த ஒரு படத்துக்காகத்தான். ஹாரனை அழுத்தினால் எல்லாம் எழும்பிப் போய்விடும். அவர் திட்ட மாட்டார். திட்டினாலாவது பரவாயில்லை. வீடு போய்ச் சேரும் வரை வாயைத் திறக்காமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவார். அந்த மௌனத்தை இன்னொரு முறை தாங்க அவளால் முடியாது. தவிரவும் அது யாரோ ஒரு மனிதன்தான் என்றால்? நல்ல இடத்துக்கு மெல்ல நகர்ந்து வருகிற, மரியாதை தெரியாத ஒரு மனிதன் என்றால்?

கையை எடுத்துக்கொண்டாள்.

கொக்குகள் ஆடி முடித்தன. அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும் வரை அது அசையவில்லை. கண்ணாடி மங்கியது. துடைத்தாள். அருகில் வந்திருந்தது. மங்கியது. துடைத்தாள். இன்னும் அருகில். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிப்பது?

மறுபடி துடைத்தபோது இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருந்தன, தோளோடு தோள்.

கொக்குகள் எழும்பின. எல்லாம் ஒரே சமயத்தில், ஒரு குரல்கூட இல்லாமல். சிறகுச் சத்தம் மட்டும் காரின் கூரைக்கு மேலாகக் கடந்து ஆற்றுப் பக்கம் போனது. வயல் வெறுமையாகிவிட்டது. வெளிச்சமும் அதோடு போய்விட்டது. சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை எழுந்து நின்று, சாலையை நோக்கி நடந்து வந்தது.

எழுந்துவிட்டார். கிளம்பினால் வந்துவிடுவேன் என்றார், வருகிறார். இசோகோவுக்கு அழுகையே வந்துவிட்டது. இஞ்சினைக் கிளப்பினாள், ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தாள், சாய்ந்து இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். போர்வையோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. கூடவே குளிர் வந்தது. விறைத்துப் போய் வருகிறவரிடம் உடனே பேச்சுக் கொடுக்கக் கூடாது, உதடு அசையாது என்பது அவளுக்குப் பழகிய விஷயம். கேமரா எங்கே என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. தேநீர்க் குடுவையை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். விடுதியில் வெந்நீர்த் தொட்டி காத்திருந்தது. எப்போது போய்ப் படுப்போம் என்றிருந்தது.

"ஆடினதைப் பாத்தேன். படம் கெடைச்சுதா?"

போர்வையின் தலை மெல்ல முன்னால் சாய்ந்து, மெல்ல நிமிர்ந்தது.

சாலை வயலைச் சுற்றி வளைந்தது. வளைவில் விளக்கு வெளிச்சம் வயலைத் துழாவிக்கொண்டு போய், அவர்கள் கார் நின்ற இடத்தில் விழுந்தது. அங்கே ரியோசாகு நின்றுகொண்டிருந்தார். கேமராவை முக்காலியோடு பக்கத்தில் நிறுத்திவிட்டு, போர்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, போகிற காரைப் பார்த்துக் கையைத் தூக்கியிருந்தார். இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

வெளிச்சம் அவரைக் கடந்துவிட்டது.

இசோகோ நேராகப் பார்த்தே ஓட்டினாள். இருபக்கமும் பனிச்சுவர், வண்டியைத் திருப்ப இடமில்லை. அவள் பக்கத்துக் கண்ணாடி மூச்சில் மங்கியிருந்தது. இடப்பக்கக் கண்ணாடி துடைத்துவைத்தது போல் தெளிவாக இருந்தது. ஹீட்டர் காற்றில் போர்வையின் மடிப்பு லேசாக விலகியது. உள்ளே இன்னொரு மடிப்பு. அதற்குள்ளும் துணிதான். பனி வாசனை. உருகாத பனி.

கத்தவில்லை. அதைப் பார்க்கவும் இல்லை. நிஷிகோரியின் மாட்டுக் கொட்டகை வாசலில்தான் திருப்ப முடிந்தது. கொட்டகைக்குள் விளக்கெரிந்தது, பால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. நிறுத்தி உதவி கேட்டிருக்கலாம். அதற்குள் அவர் விழுந்துவிட்டால்? அது பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வந்த வழியே காரை விரட்டினாள். வாய் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வந்துட்டேங்க. இதோ வந்துட்டேங்க.

கார் நின்ற இடத்தில் முக்காலி தனியாக நின்றது. அவர் இல்லை. சாலையிலிருந்து வயலுக்குள் புதிய காலடிகள் திரும்பிப் போயிருந்தன. அவர் காலடிகள் மட்டும்.

விளக்கை வயலை நோக்கித் திருப்பி வைத்துவிட்டு இறங்கினாள். பனி முழங்கால்வரை உள்வாங்கியது. வெளிச்சம் போய் விழுந்த இடம் வரை வயல் வெறுமையாக இல்லை. குந்திய ஆள் அளவுக்கு வெள்ளைக் குவியல்கள். அருகில் ஒன்று. அதற்கு அப்பால் நாலைந்து. அதற்கும் அப்பால், மரங்கள் வரை, வரிசையில்லாமல், எண்ண முடியாமல். எல்லாம் ஒரே மாதிரி குனிந்திருந்தன. அவருடைய தடம் அவற்றுக்கு நடுவே போய் எங்கோ முடிந்திருந்தது.

இதில் ஏதோ ஒன்று அவர். குளிரில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அவள் வந்துவிடுவாள் என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காத்திருக்கிறார்.

எது?

பின்னால் காரின் இடப்பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, அறையாமல்.

இத்தனை ஆண்டில் முதல்முறையாக இசோகோ வயலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ஏங்க!"

எல்லாப் போர்வைகளும் எழுந்து நின்று, அவளை நோக்கிக் கையைத் தூக்கின.